குறி அழியாத பொலி

கார் அறுப்பு என்றாலே எனக்குப் பயம்தான். இத்தனை வயதாகியும் அது போகவில்லை. எங்கள் பக்கம் நெல் வருசத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். பிசான அறுப்பு மாசி பங்குனியில் வரும். வெயில் மண்டையைப் பிளக்கும், நெல் களத்திலேயே கலகலவென்று காயும், யாருக்கும் ஒரு கவலையும் கிடையாது. கார் அப்படியா? புரட்டாசிக் கடைசியில், ஐப்பசியில் கதிர் முற்றும். சரியாக அதே நேரம் பார்த்து மழையும் வந்து நிற்கும். ஒரு வருசமாவது தள்ளி வரட்டுமே! வராது.

நான் அளவுகாரன். பெயர் மாடசாமி. களத்தில் அடித்துத் தூற்றிக் குவித்த நெல்லை மரக்காலால் அளந்து, பண்ணைக்கு இவ்வளவு, பயிரிட்டவனுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போடுவது என் வேலை. தாமிரபரணிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நான் அளக்காத களம் குறைவு. பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கும் என் மருமகன், "மாமா, ஒங்க அனுபவத்தச் சொல்லுங்க, சின்னப் பிள்ளைகளுக்கு உபயோகப்படும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். நல்லதாக நாலு சொல்லத்தான் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் இதுதான் வருகிறது, என்ன செய்ய!

1. மலை தெரிந்த நாள்

ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்திய வருசங்களில் ஒன்று. எங்கள் ஊர் திருநெல்வேலிக்கு மேற்கே, ஆற்றின் தென்கரையில். பண்ணையார் திருநெல்வேலியில் இருந்தார். நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவருடைய காரியஸ்தர் சங்கரலிங்கம் பிள்ளை. அவர் வீடு வடகரையில். நடுவில் ஆறு, ஆற்றில் ஒரு தோணி.

சுடலைமுத்து அதுவரை அடுத்தவன் வயலில் கூலிக்கு உழுதவன். அந்த வருசம்தான் முதன்முதலாகப் பண்ணை வயல் ஒன்றை வாரத்துக்குப் பிடித்தான். வாரம் என்றால், நிலம் பண்ணையாருடையது. விதை, மாடு, உழைப்பு எல்லாம் பயிரிடுகிறவனுடையது. விளைந்ததைக் களத்தில் வைத்துப் பங்கு போடுவார்கள். அந்த வயலைக் கேட்டு அவன் காரியஸ்தர் வாசலில் எத்தனை நாள் நின்றான் என்பது ஊருக்கே தெரியும்.

"கார்ப் பூவுல பாப்போம்லே. ஒழுங்காச் செஞ்சியானா பிசானமும் ஒனக்குத்தான். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிடுவோம்" என்று சொல்லித்தான் காரியஸ்தர் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புருசனும் பெண்டாட்டியும் ராப்பகலாக உழைத்தார்கள். அவன் பெண்டாட்டி இசக்கியம்மாள் ராதாபுரத்துப் பக்கம், பனங்காட்டுச் சீமையில் பிறந்தவள். வாய் கொஞ்சம் கூடுதல். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அந்த வருசம் மழை முந்திக்கொண்டது. கதிர் பழுத்து நிற்கிறது, வானம் விட்டு விட்டுப் பெய்கிறது. வயலில் தண்ணீர் வடியாமல் பாதிப் பயிர் சாய்ந்து படுத்துவிட்டது. ஊரே வேலை ஓடாமல் கையைக் கட்டிக்கொண்டு மேற்கே பார்த்துக்கொண்டிருந்தது. பொதிகை மலை முகம் தெரிந்தால் அன்றைக்கு அறுக்கலாம். மலை மூடியிருந்தால் அரிவாளைச் செருகிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். எங்களுக்கு வேறு கணக்கு தெரியாது.

"எங்க ஊர்ல மழை வராதான்னு வானத்தப் பாத்துக் கெடப்போம் அண்ணாச்சி. இங்கன மழை எப்பத் தொலையும்னு பாத்துக் கெடக்கிய. எந்த ஊருக்கு வாக்கப்பட்டாலும் அண்ணாந்து பாக்கதுதான் பொழைப்பு போல" என்றாள் இசக்கியம்மாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சுடலைமுத்துவுக்கு வரவில்லை.

ஒரு நாள் விடியும்போது மலை பளிச்சென்று தெரிந்தது. மழை வெறித்துவிட்டது. ஊரில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அறுப்புக்கு ஆள் தேடி ஓடினார்கள். சுடலைமுத்து கெஞ்சிக் கூத்தாடி ஒரு கொத்து ஆட்களைப் பிடித்தான். சேற்றில் நின்று அறுத்து, ஈரக் கட்டைச் சுமந்து, களத்தில் அடித்து, மாடு விட்டு மிதித்து, பொழுது சாய்வதற்குள் நெல்லைக் குவித்துவிட்டார்கள். ஆட்களுக்குக் கூலி நெல்லும் போட்டாயிற்று. தூற்றுவதற்குக் காற்றுகூட இல்லை. சும்மா முறத்தால் விசிறி விசிறித்தான் பதரை ஒதுக்கினார்கள்.

நான் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்தேன். காய்ந்த நெல் கடுக்கென்று உடைய வேண்டும். இது நசுங்கியது. 

2. சாம்பல் கோடு

இப்போதுள்ள பிள்ளைகளுக்குக் குறி போடுவது என்றால் என்னவென்று தெரியாது. சொல்கிறேன்.

களத்தில் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அளந்து பங்கு போடும்வரை பொலியில் பயிரிட்டவன் ஒரு பிடி அள்ளக் கூடாது. அள்ளினால் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகச் சலித்த சாம்பலைப் பொலியைச் சுற்றிக் கோடாகத் தூவுவார்கள். இடையிடையே ஈரக் களிமண்ணை உருட்டி வைத்து, அதில் பண்ணையின் முத்திரைக் கட்டையை அழுத்துவார்கள். எங்கே கை வைத்தாலும் நெல் சரியும், கோடு அறுந்துவிடும். மறுநாளோ அதற்கு மறுநாளோ காரியஸ்தர் வந்து, குறி சரியாக இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து, அவர் கையால் உடைத்த பிறகுதான் நான் மரக்காலைத் தொடலாம்.

குறி அழிந்தால்? களவு என்று அர்த்தம். வேறு அர்த்தமே கிடையாது. முந்தின வருசம் ஆண்டி என்ற ஒருவனுடைய பொலியில் கன்றுக்குட்டி வந்து சாம்பலை நக்கிவிட்டது. நான் என் கண்ணால் பார்த்தேன். நானும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் பண்ணை ஆட்களிடம் போய்ச் சாட்சி சொன்னோம். "கன்னுக்குட்டிக்குச் சாட்சி சொல்ல வந்துட்டியளாக்கும்" என்று சிரித்தார்கள். ஆண்டியின் வயல் போய்விட்டது. ஊரில் அவனைப் பேசும்போதெல்லாம் பெயருக்கு முன்னால் களவாணி என்று ஒரு சொல்லும் சேர்ந்துகொண்டது.

சுடலைமுத்துவின் களத்துக்குக் காரியஸ்தர் வந்தபோது கிழக்கே மழைக் கருக்கல் கட்டிவிட்டது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவசர அவசரமாக வந்தார்.

"வே மாடசாமி, இப்பக் குறி போட்டுட்டுக் கெளம்புதேன். அளவ நாளைக்கு வச்சிக்கிடுவோம். தோணிக்காரன் நிக்க மாட்டான்."

"ஈரமா இருக்கு ஐயா. குவியலாக் கெடந்தா உள்ள வெந்துரும். ரெண்டு நாள் பரத்திப் போட்டுக் காய விட்டுட்டு..."

"பரத்திப் போட்டா குறி எங்கன வே போடுதது? ஒம்ம தலையிலயா?"

சுடலைமுத்து நடுவில் புகுந்தான். "குறியப் போடட்டும் அண்ணாச்சி. நாளைக்குத்தான் ஐயா வந்துருவாவல்லா."

நான் விலகிக்கொண்டேன். நெல் அவனுடையது, வாரம் அவனுடையது. காரியஸ்தர் சுற்றி வந்து சாம்பலைத் தூவினார். உருண்டை வைத்தார், முத்திரை போட்டார், போய்விட்டார். அவர் அக்கரை சேர்ந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

3. ஓலைக் கூண்டு

மழை என்றால் சாதாரண மழை இல்லை. விடிந்து பார்த்தால் ஆறு கரை முட்டிப் போகிறது. செக்கச் சிவந்த தண்ணீர், அதில் மரமும் மட்டையும் உருண்டு வருகிறது. தோணியை இழுத்துக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள். பாலம் வழியாகச் சுற்றி வரலாம் என்றால் வழியெல்லாம் வாய்க்கால் உடைந்து கிடக்கிறது. காரியஸ்தர் வர வழியே இல்லை.

நான் குடையை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடினேன். அங்கே நான் பார்த்ததை என்னவென்று சொல்ல! காரியஸ்தர் போன கையோடு சுடலைமுத்து நாலு பனங்கம்பை ஊன்றி, பொலிக்கு மேலே ஓலைக் கூரை போட்டிருந்தான். ஓலை எங்கே கிடைத்தது என்று திரும்பிப் பார்த்தால், அவன் குடிசையின் கூரையில் பாதியைக் காணோம். வீட்டைப் பிரித்துக் களத்தை மூடியிருக்கிறான். உள்ளே இசக்கியம்மாள் அடுப்புமேல் சுளகைக் கவிழ்த்து நனையாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதோடு விட்டானா? சாரல் அடித்தால் சாம்பல் கரையுமே என்று நாலு பக்கமும் பாயை இறுக்கிக் கட்டினான். படுக்கிற பாய், நெல் காயப்போடுகிற பாய், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பாய், ஒன்று விடவில்லை. எறும்பு நுழைகிற இடுக்கில்கூடக் கந்தலைத் திணித்தான். ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, "ஒரு சொட்டு உள்ள போவாதுடே" என்று மெச்சிவிட்டுப் போனார்கள்.

"ஏலே, இது என்ன கூத்து? நெல்லுக்குக் காத்து வேண்டாமா?" என்றேன்.

"சாரல் பட்டா கோடு அழிஞ்சிரும் அண்ணாச்சி."

"கோடு கெடக்கு கழுத! நெல்லப் பாருலே!"

"நெல்லு எங்க போவப் போவுது? உள்ளதான கெடக்கு."

மறுநாள் போனபோது இன்னும் ஒரு வேலை செய்திருந்தான். ஈரக் காற்றில் சாம்பல் நமுத்துப் போகிறது என்று, கூண்டுக்குள்ளே நாலு மூலையிலும் சட்டியில் உமியைப் போட்டுக் கணப்பு மூட்டி வைத்திருந்தான். பாயை விலக்கித் தலையை உள்ளே நீட்டினேன். கதகதவென்று இருந்தது. கோடு தும்பைப் பூப் போல வெள்ளையாக, அப்படியே இருந்தது. ஆனால் உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது.

நாற்றுப் பாவ விதை நெல்லை எப்படி முளைகட்டுவோம்? தண்ணீரில் ஊறப்போட்டு, வைக்கோலில் பொதிந்து, மேலே பாரம் வைத்து, காற்றுப் படாமல் கதகதப்பாக மூடிவைப்போம். பிரித்தால் இனிப்பாக, புளிப்பாக ஒரு வாசனை வரும். அந்த வாசனைதான் அது. ஊறிய நெல், மூடிய கூண்டு, பதமான சூடு. விதைக்கு என்னென்ன செய்வோமோ அத்தனையும் ஒன்று விடாமல் அந்தப் பொலிக்குச் செய்துவிட்டான். பிசான நெல்லானால் ஒரு மாதம் உறங்கும், சட்டென்று முளைக்காது. கார் நெல்லுக்கு உறக்கமே கிடையாது. தண்ணீரைக் கண்டால் முளைத்துவிடும். இது அவனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். எத்தனை நாற்றங்கால் பாவினவன்! ஆனால் அவன் கண்ணுக்கு நெல்லே தெரியவில்லை, சாம்பல் கோடு மட்டும்தான் தெரிந்தது.

"லே, சூடு ஏறிட்டு. மொளைக்கப் போவுது."

"அது கணப்புச் சூடு அண்ணாச்சி" என்றான்.

இசக்கியம்மாள் பின்னால் வந்து நின்றாள். தலையில் சாக்கைப் போட்டிருந்தாள். "நான் நேத்தே சொல்லிட்டேன் அண்ணாச்சி. பிரிச்சிருவோம். பானை பானையா அவிச்சி, வீட்டுக்குள்ள அடுப்ப எரிச்சி ஒணத்துவோம். புழுங்கலா இருந்தா என்ன, அரிசிதான? பண்ணைக்குப் பச்ச நெல்லுதான் வேணும்னா அவிய பங்க மட்டும் அப்பிடியே பரத்தி வைப்போம். கேக்கானா இந்த மனுசன்?"

அவள் சொன்னது சரி. நூற்றுக்கு நூறு சரி. நான் சொன்னேன்: "சுடலை, ஒடைச்சிரு. நானும் ஊர்ல நாலு பேரும் சாட்சி நிக்கோம்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆண்டிக்கும் நீங்கதான அண்ணாச்சி சாட்சி நின்னிய?"

நான் விலக்கியிருந்த பாயைத் திரும்ப இழுத்துவிட்டேன்.  

இசக்கியம்மாள் பேசிக்கொண்டு நிற்கவில்லை. நேரே போய்ப் பாயைப் பிடித்து இழுத்தாள். சுடலைமுத்து ஓடிப்போய்க் கூண்டு வாசலில் குறுக்கே விழுந்து படுத்துவிட்டான். சேற்றில், மழையில், மல்லாந்து படுத்துக்கொண்டு, "என்னத் தாண்டிப் போயிப் பிரிச்சுக்கோ" என்றான். "களவாணிப் பொண்டாட்டின்னு ஒன்னய யாரும் சொல்ல விடமாட்டேன்" என்றான். அவள் பாயை விட்டுவிட்டு அந்த மழையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

4. ஆற்றுக்கு அந்தப் பக்கம்

தோணிக்காரர் ஞானமுத்துவிடம் போனேன். கிறிஸ்தவர், வேதக்கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், யாருக்கு ஒன்று என்றாலும் முன்னால் நிற்பவர்.

"ஞானமுத்து, எப்படியாவது அக்கரைக்குப் போயி காரியஸ்தர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வரணும். பொலி கெடுது, குறிய ஒடைக்கலாமான்னு."

அவர் ஆற்றைப் பார்த்தார். "ஆண்டவரே!" என்றார். பிறகு இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் மேலே நடந்துபோய் இறங்கினார். தண்ணீர் அவரை இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஒருவருடைய நெல்லுக்காக இன்னொருவரை ஆற்றில் இறக்கிவிட்டோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வெகு தூரம் கீழே போய் அக்கரையில் ஏறினார்.

அன்றைக்குப் பொழுதடைவதற்குள் திரும்பி வந்துவிட்டார். கால் முட்டி கல்லில் அடித்துக் கிழிந்திருந்தது. சுடலைமுத்து, இசக்கியம்மாள், நான், மூன்று பேரும் கரையில் நின்றோம்.

"குறியத் தொடக் கூடாதுன்னு சொல்லுதாவ. தண்ணி வடிஞ்சதும் வாரேன்னு சொன்னாவ" என்றார்.

"நெல்லு மொளைக்குன்னு சொன்னீரா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"நெல்லப் பத்தி ஒண்ணும் சொல்லல."

சுடலைமுத்து பெருமூச்சு விட்டான். கவலைப் பெருமூச்சு இல்லை, நிம்மதிப் பெருமூச்சு. பெரிய பாரம் இறங்கின மாதிரி. "பாத்தியளா அண்ணாச்சி? நான்தான் சொன்னேனே, தொடக் கூடாதுன்னு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை ஆற்றில் தள்ளியிருப்பேன். இசக்கியம்மாள் ஞானமுத்துவின் காலுக்கு மஞ்சள் அரைத்துப் போட வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் தண்ணீர் வடியவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மலையில் மறுபடி பெய்து இன்னொரு வெள்ளம் வந்தது. சுடலைமுத்து கணப்பு அணையாமல் உமி போட்டுக்கொண்டே இருந்தான்.

5. அளவு

கடைசியில் ஒரு நாள் வெயில் அடித்தது. தோணி ஓடியது. காரியஸ்தர் வந்தார். ஊரே களத்தில் கூடியது.

பாய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள். காரியஸ்தர் பொலியைச் சுற்றி வந்தார். குனிந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொரு மண் உருண்டையிலும் முத்திரை புதிதாகப் போட்டது போல நின்றது. சாம்பல் கோட்டில் நகக் கீறல் கூட இல்லை.

"ஏ அப்பா! ஒரு கோடு அழியலியே! இந்த மழையில இப்பிடிக் குறி காத்தவன நான் பாத்ததில்லலே. நீ யோக்கியன்" என்று சுடலைமுத்துவின் தோளில் தட்டினார்.

அந்த நேரம் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றைக்குக்கூட அவன் அப்படிச் சிரித்திருக்க மாட்டான். பாவி மட்டை!

காரியஸ்தர் முதல் உருண்டையைத் தட்டி எடுத்தார். மேல் நெல் கொஞ்சம் சரிந்தது. உள்ளேயிருந்து குப்பென்று ஆவி வந்தது, சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. நான் மரக்காலை வைத்துவிட்டுக் கையை விட்டேன். நெல் கையில் வரவில்லை. வெள்ளை வெள்ளையாக முளைவிட்டு, வேரும் வேரும் பின்னி, பொலி முழுக்க ஒரே பாளமாக இறுகிக் கிடந்தது. அடியில் கறுத்து, நாறிப்போய், கூழாக இருந்தது.

சுடலைமுத்து பாளத்தின் ஒரு ஓரத்தைப் பிய்த்தான். இன்னொரு ஓரத்தைப் பிய்த்தான். நடுவில் நல்ல நெல் இருக்கும், நடுவில் இருக்கும் என்று முனகிக்கொண்டே தோண்டிக்கொண்டு போனான். நடுவில்தான் இன்னும் மோசம்.

"இப்பிடி ஆவும்னு யாரு கண்டா?" என்றார் காரியஸ்தர்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நான் கண்டேன் ஐயா! இந்தா நிக்காளே, இவ கண்டா! ஊரு பூராக் கண்டுச்சு! ஒரு மனுசன் ஆத்துல விழுந்து வந்து ஒங்ககிட்டச் சொன்னானே, அவன் கண்டான்!"

அவர் முகம் சுண்டிவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. தணிந்த குரலில், "எனக்கு என்ன வே அதிகாரம் இருக்கு? குறிய ஒடைன்னு சொல்ல நான் யாரு? பண்ணையார்ட்டல்லா கேக்கணும்? அவியட்டக் கேக்க எனக்கு வழி ஏது?" என்றார். பார்த்தால் அவரும் பயந்தவர்தான். எல்லோரும் எல்லோருக்கும் பயந்து, நடுவில் ஒரு பொலி செத்துக் கிடந்தது.

"அளந்துதான் ஆவணும். அளந்தேன்னு நான் சொல்லணும்" என்றார்.

பாளத்தை மண்வெட்டியால் கொத்தி மரக்காலில் அமுக்கினேன். அளவுகாரன் முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டான். லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவான். எல்லாக் களத்திலும் அதுதான் வழக்கம். நான் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி" என்றாள் இசக்கியம்மாள். "அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதிய. கும்பிட்டுக் கேக்கேன்."

முதல் மரக்காலைச் சத்தமில்லாமல் கொட்டினேன். இரண்டு என்று தொடங்கி எண்ணினேன். காரியஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஏன் என்று கேட்கவில்லை. அளந்ததைக் கூடையில் அள்ளி வயலோரத்து உரக்குழியில் கொட்டினோம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

அடுத்த சில நாளில் அந்தக் குழி முழுக்கப் பச்சைப் பசேலென்று முளைத்து நின்றது. நெருக்கமாக, உயரமாக, அவ்வளவு அழகு. போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். இசக்கியம்மாள் பக்கத்து வீட்டு ஆடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்து அதில் விட்டாள். அவை தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

6. பண்ணையார் சொன்னது

சுடலைமுத்து நம்பிக்கையை விடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நெல்லு போனா என்ன அண்ணாச்சி, குறி சுத்தமா இருந்துச்சுல்லா. பண்ணையாரு அதப் பாப்பாவ. பிசானம் நமக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வயலில் தண்ணீரை வடித்து, வரப்பைச் செதுக்கி, உழவுக்கு ஆயத்தமானான். அந்த வயலில் அவன் செய்த கடைசி வேலை அது.

காரியஸ்தர் மறுபடி வந்தபோது நானும் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். வந்தவர் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். பிசானத்துக்கு வயலை வேறொருவனுக்குக் கொடுத்தாயிற்று. நெல்லைக் காப்பாற்றத் தெரியாதவன் பண்ணை நிலத்துக்கு ஆகமாட்டான் என்று உத்தரவு.

சுடலைமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தான். "ஐயா, குறி அழியலன்னு பண்ணையார்ட்டச் சொன்னியளா?"

"சொன்னேன்லே. ஒரு கோடுகூட அழியலன்னு சொன்னேன். சத்தியமாச் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாவ?"

காரியஸ்தர் தயங்கினார். "குறியத் திங்கவா முடியும்னு கேட்டாவ."

சுடலைமுத்துவுக்கு முதலில் விளங்கவில்லை. "அப்பிடியா சொன்னாவ? பண்ணையாரா? அவிய வாயாலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு கேட்டான்.

"அப்ப ஒடைச்சிருக்கலாமா ஐயா?"

காரியஸ்தர் குடையை விரித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்து நடந்துவிட்டார். மழை இல்லை, நல்ல வெயில்.

அவன் என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. ஒடைச்சிருக்கலாமா?"

எனக்குப் பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாது. "ஒடைச்சிருந்தா களவாணின்னு வயலப் புடுங்கியிருப்பாவ. ஒடைக்கலன்னு துப்புக்கெட்டவன்னு புடுங்கிட்டாவ. வயலு அவியளுது சுடலை" என்றேன். அவன் வரப்பிலேயே உட்கார்ந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தை பிறக்குமுன் புருசனும் பெண்டாட்டியும் தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஒருவன் பின்னால் தூத்துக்குடிக்கு நடந்து, இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"இதுல பிள்ளைகளுக்கு என்ன பாடம் மாமா?" என்று மருமகன் கேட்கிறார். வாத்தியார் அல்லவா, பாடம் வேண்டும் அவருக்கு. சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு நான் போன களத்தில் பொலி நனைந்தால் நான் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. என் காலால் குறியை எத்தி உடைத்துவிட்டு, நெல்லைப் பரத்து என்று சத்தம் போட்டேன். அவிக்கிற நெல்லை அவி என்றேன். காரியஸ்தர்மார் வந்து குதித்தார்கள். இரண்டு மூன்று பண்ணைகளில் இனி இந்த வாசலை மிதிக்காதே என்று என்னை நிறுத்தினார்கள். என்னை நம்பிப் பிரித்தவர்களில் சிலருக்கு வயலும் போயிற்று, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் அந்த வருசம் அடுப்பு எரிந்தது. போகிற வயல் எப்படியும் போகும் பிள்ளைகளா. கஞ்சிக்கு நெல்லை எடுத்து வைத்துக்கொண்டு வயலைப் பறிகொடுங்கள்.